சுழலாத ஷிப்டும் தூங்கிய கடிகாரமும்

“ஷிப்டுகள் வாரம் ஒருமுறை சுழல வேண்டும். தொழிலாளி எவரையும், அவர் எழுத்துமூலம் சம்மதம் தந்தாலொழிய, தொடர்ந்து இரவு ஷிப்டில் வைக்கலாகாது.”

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் நிலையாணைகள் என்னும் பணி விதித் தொகுப்பில் இப்படி ஒரு விதி இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோல் தொழிற்சாலைகள் வெளியேற்றுவதெல்லாம் குழாய் வழியாக அங்கே வந்து சேர்ந்துதான் தண்ணீர் என்ற பெயரைத் திரும்பப் பெறுகிறது. நிலையாணைகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பூட்டி, நேரக் காப்பாளர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார்கள். தொழிலாளர் பார்வையில் வைக்க வேண்டும் என்பது விதி. படிக்கிற உயரத்தில் வைக்க வேண்டும் என்று விதியில் இல்லாததால் குழல்விளக்குக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

தொழிலாளர் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் அண்ணாந்து படித்துப் பழக்கம் உண்டு.

அந்த ஆலையில் ஒரே ஒரு ஆபரேட்டருக்கு மட்டும் ஷிப்டு சுழலவில்லை. வேறொருவர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போனபோது, தற்காலிகமாக இவரை இரவு ஷிப்டில் போட்டார்கள். அப்போது இவருடைய மூத்த மகள் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். இப்போது காலேஜுக்குப் போகிறாள். கல்யாணத்துக்குப் போனவர் ஊர் திரும்பிப் பகல் ஷிப்டில் சேர்ந்து, சூப்பர்வைசராகவும் ஆகிவிட்டார். தற்காலிகம் மட்டும் நிரந்தரமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு அரசாங்கத்திலும் தனியாரிலும் பொருள் ஒன்றுதான்.

இவரை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்வதற்கு முன், நான் எப்படி அறிவியலுக்குள் நுழைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற நிறுவனம் எதுவும் ஒரு நெறிமுறைக் குழு வைத்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் அறிவியல் அறியாத பொது உறுப்பினர் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. வேலூர்ப் பக்கத்தில் ஒரு நிறுவனம் அப்படிப்பட்ட ஆளைத் தேடியபோது யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அறிவியல் தகுதி என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லுக்காக எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றுதான்.

அங்கேதான் ஒரு பெண் விஞ்ஞானியைப் பார்த்தேன். கணியம்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வெகுகாலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பதை ஒட்டிய வயது. பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்குவதற்கு மட்டும் நிறுத்துவார். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தையும், செல்களுக்கு வயதாவதையும் ஆராய்கிறார். ஷிப்டு வேலை செய்பவர்களுக்குக் கையில் கட்ட ஒரு கருவி கொடுத்து, அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று பார்ப்பது, ரத்தம் எடுத்துச் செல்களின் வயதைக் கணிப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. திட்டம் இவ்வளவுதான். குழு முன் அதை விளக்கும்போது என் ஒருவனுக்காகத் தமிழில் விளக்கினார்.

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு சார். எப்ப வேலை, எப்ப ரிப்பேர்னு அதுதான் சொல்லும். பகல்ல கெட்டுப்போனதை ராத்திரி சரி பண்ணும். ஒருத்தர் ராத்திரி முழிச்சிருந்து, நடு ராத்திரில சாப்பிடறாருன்னு வைங்க. மூளை ஒரு டைம் காட்டும், கல்லீரல் இன்னொரு டைம் காட்டும். ரிப்பேர் தள்ளிப் போகும்.”

“தள்ளிப் போனது என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“சேரும். சேர்ந்துகிட்டே இருக்கும். அதைத்தான் செல்லுக்கு வயசாகுதுன்னு சொல்றோம். பிறந்த தேதி வேற, அது வேற.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏ பிரிவு திறந்திருக்கும்போது பி பிரிவு மூடியிருக்கும் அலுவலகத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே தேங்கிய கோப்புகளின் மொத்தத்துக்குத்தான் உடம்பில் முதுமை என்று பெயர் போலிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஆபீஸ் பஸ் நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுவதற்கும் காரணம் கிடைத்தது. ஓய்வு ஆணை எனக்கு வந்தது. என் செல்களுக்கு நகல் போகவில்லை.

திட்டத்துக்கு அனுமதி கொடுத்தோம். ஆய்வில் சேருபவர்களுக்குத் தரும் தகவல் தாளில், சந்தேகம் கேட்கக் குழு உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் டாக்டர்கள், போன் எடுக்க நேரமில்லாதவர்கள். என் எண்ணை அச்சிட்டார்கள்.

முதல் அழைப்பு அந்த ஆபரேட்டரிடமிருந்து வந்தது.

“சார், பேப்பர்ல உங்க நம்பர் போட்டிருக்கு. அந்த வயசு லெட்டர் எப்ப சார் குடுப்பாங்க?”

அப்படி ஒரு கடிதம் திட்டத்திலேயே இல்லை என்றேன்.  உடனே நேரில் வருவதாகச் சொன்னார். மறுநாள் காலை இரவு வேலை முடிந்து பஸ் ஏறினார். வேலூரில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போய், வாலாஜாவில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட, அங்கிருந்து திரும்பி வந்து சத்துவாச்சாரியில் என் வீட்டு மணியை அடித்தார். ஒல்லியான ஆள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

“பஸ்ல தூங்கனா பரவால்ல சார். வேற ஒருத்தன் ஓட்டறான். வண்டியில வரச்சொல்லதான் பேஜாரா இருக்கு” என்று ஆரம்பித்தார். காலையில் வேலை முடிந்து மொபெட்டில் பைபாஸ் வழியாக வீட்டுக்குப் போகிறவர். “மொத தபா தூங்கிப்போய் பள்ளத்துல எறக்கினேன். முட்டியோட போச்சு. ரெண்டாவது தபா லாரிக்கு முன்னாடி. பிரேக் போட்டு எறங்கி வந்தான். ‘இன்னாண்ணே, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா’ன்றான்.”

“ஷிப்டை மாற்றச் சொல்லிக் கேட்டீர்களா?”

“கேட்டேன் சார். மேனேஜரு, டாக்டர் லெட்டர் இருந்தா கொண்டா பாக்கலாம்னாரு. காப்பீட்டு மருந்தகத்துல போய் நின்னா, தூக்கம் வர்றது ஒரு நோயா, தூக்கம் வரலன்னாதான் நோயின்றாங்க. அப்புறம்தான் இந்த மேடம் வந்து, நைட்டு டூட்டியில உடம்புக்கு வயசாவுதான்னு பாக்கறோம்னாங்க. அப்ப லெட்டர் இவங்க குடுத்துருவாங்கன்னு நானே போய் மொத ஆளா பேரு குடுத்தேன். மூணாவது தபா அந்த லாரிக்காரன் எறங்கி வந்து பேசற நெலமையில நான் இருப்பனான்னு தெரில சார்.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவருக்கு வைத்த காபி ஆறிப்போனது. எழுப்புவதற்கு விதி எதுவும் இல்லாததால் மதியம் வரை விட்டுவிட்டேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் விஞ்ஞானி இடைக்கால அறிக்கையின் வரைவைக் கொண்டுவந்தார். ஆலை மேலாளர் அறிவியல் ஆர்வம் உள்ளவர். சனிக்கிழமை தவறாமல் ஏலகிரிக்குப் போய் ஓய்வெடுப்பவர் என்பதால், உறக்கம் பற்றிய ஆராய்ச்சியில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தந்தபோதே, சுருக்க அறிக்கை ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அது திங்கட்கிழமை போவதாக இருந்தது.

விஞ்ஞானி ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். அன்று அவர் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

“இவரைப் பாருங்க. நிரந்தரமா நைட் ஷிப்டு. ஆனா கருவி என்ன சொல்லுது? ராத்திரி நல்லா தூங்கறாரு. காலைல கொஞ்சம் நடமாட்டம். மறுபடி மத்தியானம் வரைக்கும் தூங்கறாரு. எல்லார விடவும் ஜாஸ்தி தூங்கற ஆளு இவர்தான். ஆனா ரத்தத்துல பாத்தா செல்லோட வயசு எல்லாரையும் விட முன்னாடி ஓடுது. இவ்ளோ தூங்கற உடம்புக்கு ஏன் வயசாகணும்? இது புதுசு சார். அடுத்த மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்.”

டாக்டர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஒருவர் தைராய்டு என்றார். இன்னொருவர் அமிர்தி விலங்குப் பூங்காவிலிருக்கும் இரவு விலங்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். என் முறை வந்தது.

“வரைவில் ‘இந்த ஆலையின் நிரந்தர இரவுப் பணியாளர் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள்” என்றேன்.

“பேரு போடல சார். பேரு போடக் கூடாதுன்னு தெரியும்.”

“அந்த ஆலையில் நிரந்தர இரவுப் பணியாளர் ஒருவர்தான் இருக்கிறார். ஒரே ஆள் இருக்கிற பதவிக்குப் பெயர் தேவையில்லை. வேலை நேரத்தில் தூங்குவது அவர்கள் நிலையாணையில் பெருங்குற்றம். தண்டனை, வேலை நீக்கம். உங்கள் வரைபடத்தை மேலாளர் பார்த்தால், அதைவிட நல்ல சாட்சி அவருக்கு எங்கே கிடைக்கும்?”

 விஞ்ஞானி திரையைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நேரம் அவருக்கு அது ஒரு வளைகோடாக இருந்தது. இப்போதுதான் அதில் ஓர் ஆள் தெரிந்தார்.

“நான் அதை யோசிக்கவே இல்ல சார்” என்றார். பிறகு, “ஆனா அவரு தூங்கறாரே?”

பகல் ஷிப்டு கேட்டுப் பெயர் கொடுத்தவர், அந்த ஆராய்ச்சியாலேயே இருக்கிற வேலையையும் இழக்கும் நிலையில் இருந்தார். அறிக்கையை நிறுத்திவைத்து, அவரையே கேட்டுவிடுவது என்று குழு தீர்மானித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விஞ்ஞானியின் காரில் நானும் ஆம்பூர் போனேன். குழு உறுப்பினர் உடன் இருப்பது நல்லது என்று நடைமுறை சொல்கிறது. பேரம் பேசத் தெரிந்த ஆள் ஒருவர் உடன் இருப்பது நல்லது என்று விஞ்ஞானி சொன்னார்.

சித்திரை மாதம். தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. கூரைமேல் நனைத்த சாக்குகள் கிடந்தன. ஜன்னல் இரண்டையும் உள்பக்கம் ஷூவுக்கு லைனிங் போடுகிற கறுப்புத் தோல் துண்டுகளை ஒட்டி அடைத்திருந்தார்கள். வேலூர் வட்டாரத்து வெயிலில் ஒருவர் பகலில் தூங்க வேண்டுமானால் இவ்வளவு ஏற்பாடு தேவை. அவருடைய மனைவி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர். துண்டுகள் அங்கே கழித்துப் போட்டவை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு அவர் கிளம்பும்போது இவர் வந்து சேருவார். சாயங்காலம் அவர் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் இவர் கிளம்புவார். ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சண்டை போட முடியும் என்று அந்த அம்மா சொன்னார்.

விஞ்ஞானி சுற்றி வளைக்கவில்லை. “அண்ணா, டூட்டில தூங்குவீங்களா? என்கிட்ட சொல்லுங்க. யாருக்கும் போகாது.”

“தூங்கறதா?” அவர் சிரித்தார். “அங்க உக்காந்தா கொசு தூக்கினு போயிடும் மேடம். மணிக்கொரு தபா தண்ணி எடுத்து டெஸ்ட் வெக்கணும். காத்து அடிக்கிற மோட்டார் நின்னுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும். தூங்கற ஆளா இருந்தா நான் ஏன் பகல் ஷிப்டு கேக்கறேன்? நைட்டே சொகம்னு இருந்துட மாட்டேன்?”

தர்க்கத்தில் குறை இல்லை. விஞ்ஞானி மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். இரவு நேரம் முழுக்கக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஆபரேட்டர் அதை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. மனைவியைப் பார்த்தார்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “ஐய, இது என் தூக்கம்.”

பூண்டுக் கையோடு திரையில் விரலை வைத்தார்.

“தோ பாருங்க, நடுவுல ரெண்டு எடத்துல எகிறுதில்ல? அன்னிக்கு சின்னவளுக்கு ஜுரம். ரெண்டு தபா எழுந்து துணி நனைச்சுப் போட்டேன். இதுக்கு அடுத்த நாளு பாருங்க, செத்த பொணமாட்டம் தூங்கியிருப்பேன்.”

விஞ்ஞானி அடுத்த நாளைத் திறந்தார். அப்படியேதான் இருந்தது.

பிறகு ஆபரேட்டரே சொன்னார். “கேட்ல எல்லாத்தையும் கழட்டி தட்டுல வெச்சுட்டுத்தான் உள்ள போவணும் மேடம். மோதிரம், வாட்ச், தாயத்து கூட. சேறு பிழியற மெஷின் பெல்ட்டுல முன்ன ஒருத்தர் காப்பு மாட்டி கை போச்சு. அதுலேர்ந்து ஸ்ட்ரிக்டு. தட்டுல வெச்சா உங்க கடியாரத்துக்குள்ள இருக்கற பச்சை லைட்டு அணைஞ்சுடும், அந்த நாளு கணக்குல வராதுன்னு உங்க ஆளுங்க சொன்னாங்க. கணக்குல வரலன்னா லெட்டர் எப்டி வரும்? அதான் டூட்டிக்குப் போவும்போது இவ கையில கட்டிட்டுப் போவேன். காலைல வாசல்லயே வாங்கிக் கட்டினு படுப்பேன்.”

“எங்ககிட்ட ஏண்ணா சொல்லல?”

“சொன்னா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவீங்களே மேடம்.”

“நான் சொன்னேன்” என்றார் அந்த அம்மா. “உன் கையி இன்னா, என் கையி இன்னா, கண்டுபுடிச்சுடுவாங்கன்னேன். படிச்சவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க, கணக்குதான் பாப்பாங்கன்னாரு.”

விஞ்ஞானி இதை மறுக்கவில்லை.

ஷிப்டு ஒப்படைப்புக்கு ஒரு விதி உண்டு. வருகிறவர் இடத்துக்கே வந்து பொறுப்பேற்கும் வரை, போகிறவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. என் பணிக்காலத்தில் எந்த ஆலையிலும் இந்த விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. அந்த வீட்டு வாசலில் காலையும் மாலையும் தவறாமல் நடந்திருக்கிறது. இருவரும் மாறி மாறி உழைத்தார்கள். கடிகாரம் மட்டும் இருவரோடும் மாறி மாறித் தூங்கியது.

“அப்போ என் ஸ்லைடு போச்சு” என்றார் விஞ்ஞானி, தனக்குத்தானே.

“இன்னா மேடம் போச்சு?”

“ஒண்ணுமில்லக்கா.”

“டீ ஊத்தட்டா?”

டீ வந்தது. ஆபரேட்டர் குடிக்கவில்லை. “கடியாரம் போனா போவட்டும் மேடம். ரத்தம் என்னுதுதானே? அது யார் கையிலயும் மாறல. அதுல இன்னா வயசு காட்டுது? ஜாஸ்தியா, கம்மியா?”

எனக்கும் விஞ்ஞானிக்கும் பதில் தெரியும். சொல்லக் கூடாது என்பதும் தெரியும். தனி ஆளுக்கு மருத்துவ முடிவாகச் சொல்கிற அளவுக்கு அந்த முறை இன்னும் உறுதிப்படவில்லை. நான் விதியைச் சொல்ல வாயெடுத்தேன். விஞ்ஞானி முந்திக்கொண்டார்.

“அந்த நம்பரை நம்பி நான் லெட்டர் குடுக்க முடியாதுண்ணா. நூறு பேரைச் சேத்துப் பாத்தா ஏதோ சொல்லும். ஒருத்தரைப் பாத்தா தப்பா சொல்லும். உங்களுக்கு ஜாஸ்தின்னு எழுதிக் குடுத்தேன்னு வைங்க. நாளைக்கு இன்னொருத்தருக்கு கம்மியா வரும். ‘உனக்குத்தான் வயசாகலயே, நீயே நைட்டுக்குப் போ’ன்னுவாங்க. என் பேப்பரைக் காட்டியே அனுப்புவாங்க.”

ஆபரேட்டர் தலையாட்டினார். நியாயம் புரிந்துகொண்ட தலையாட்டல்தான். பிறகு கேட்டார்:

“அப்ப நான் லாரிக்கு இன்னா பதில் சொல்றது மேடம்?”

இந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் இல்லை என்று விஞ்ஞானியின் முகத்திலிருந்து தெரிந்தது. நான் என் துறைக்குத் திரும்பினேன். இரவு ஷிப்டுக்குச் சம்மதம் என்று எப்போதாவது எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கையெழுத்து? ஆலையில் சம்பளத்துக்குத் தவிர எதற்கும் போட்டதில்லை என்றார். கேட்டுக்குள் கண்ணாடிச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்றேன்.

“அதுவா சார்? டியூப்லைட்டுக்கு மேல தூசு புடிச்சு தொங்குதே? சாமி படம்னு நெனச்சேன்.”

அந்த வீட்டுத் தையல் இயந்திரத்தின் மூடிமேல் காகிதத்தை வைத்து மனுவை எழுதினேன். மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் சுலபமானதை நிராகரித்து மற்றதை மறந்துவிடுவார்கள். மொபெட்டைப் பற்றி எழுதவில்லை; வண்டியை விட்டுவிட்டு நடந்து வா என்பார்கள். செல்களைப் பற்றி எழுதவில்லை. விதியின் எண், விதியின் வாசகம், அது தனக்கும் பொருந்த வேண்டும் என்ற விண்ணப்பம். அடியில் ‘நகல்: தொழிலாளர் அலுவலகத்துக்குத் தகவலுக்காக’ என்று ஒரு வரி. மேலாளர்கள் மனுக்களை அடியிலிருந்து மேலாகத்தான் படிக்கிறார்கள்.

திரும்பும் வழியில், மாதனூர் தாண்டியதும் விஞ்ஞானி வாயைத் திறந்தார்.

“சார், அங்க சொல்ல வேணாம்னு இருந்தேன். வாராவாரம் ஷிப்டு மாத்தறது உடம்புக் கடிகாரத்துக்கு இன்னும் மோசமா இருக்கலாம். ஒரு டைமுக்குப் பழகறதுக்குள்ள அடுத்தது வந்துடும்.”

நான் முப்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றிவந்த விதி அது.

“அப்படியானால் எதுதான் சரி?”

“யாருமே ராத்திரி வேலைக்குப் போகாம இருக்கறது.”

“அது நிலையாணையில் இல்லை” என்றேன். தோலை ஊறவைத்த தண்ணீரும் ராத்திரியில் நிற்பதில்லை.

ஆபரேட்டரிடம் இதை மறைக்கக் கூடாது என்று மறுநாளே போன் செய்து சொல்லிவிட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: “கெடுதல்னா இருக்கட்டும் மேடம். ஒருத்தன் மேலயே எறங்காம, எல்லார் மேலயும் கொஞ்சம் கொஞ்சம் எறங்கட்டும். மூணு வாரத்துல ரெண்டு வாரம் தூங்கி எழுந்து வண்டி எடுப்பேன்ல, அது போதும்.”

அவருடைய பதிவுகளை விஞ்ஞானி ஆய்விலிருந்து முழுவதுமாக நீக்கினார். மேலாளருக்குப் போன அறிக்கையில் அந்த வரி இல்லை. வேலைக்கு வந்த ஆபத்து அதோடு போயிற்று. லாரி மட்டும் மீதம். மாநாட்டில் அவர் வேறு எதையோ பற்றிப் பேசினார். யாரும் கைதட்டவில்லை என்று அவரே சொன்னார்.

குழுவுக்கு இன்னொரு பிரச்சினை மிஞ்சியது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாத ஒரு பெண்ணின் உறக்கம் நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருக்கிறது. இரண்டு கூட்டங்கள் இதற்கே போயின. அழித்துவிடுவது என்று முடிவாகி, அதை அந்த அம்மாவுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

“அழிச்சிடுவீங்களா?” என்றார் போனில். “ஜுரம் நைட்ட வேணா அழிங்க. மத்தது நல்லாத்தானே தூங்கியிருக்கேன்.”

மனு போய் ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆடியில் இரண்டாவது நினைவூட்டல். புரட்டாசியில் மூன்றாவது, இம்முறை தொழிலாளர் அலுவலகத்துக்கான நகலில் முந்தைய இரண்டையும் இணைத்து. இதற்கிடையே காலை நேரத்தில் என் போன் அடித்தாலே எனக்கு பைபாஸ்தான் ஞாபகம் வந்தது. எடுத்தால் அவரே பேசுவார்.

“சார், வீட்டுக்கு வந்து சேந்துட்டேன். பதில் எதுனா வந்துச்சா?”

வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பெஞ்சில் நானும் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. பெஞ்சு அவ்வளவு வசதியாக இல்லை.

மார்கழியில் பதில் வந்தது. வந்ததே தவிர, சேரவில்லை. பதிவுத் தபால். உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தபால்காரர் வரும் நேரத்தில் மனைவி கம்பெனியில், மகள்கள் படிக்கப் போயிருந்தார்கள், உரியவர் கறுப்புத் தோல் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டிப் பார்த்துவிட்டு, கதவிடுக்கில் சீட்டு செருகிவிட்டுப் போனார். மறுநாளும் அதே. எடுக்காத பதிவுத் தபாலைச் சில நாட்கள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும் என்பது தபால் விதி. திரும்பிப் போனால் ‘பெற மறுத்தார்’ என்று மேலாளர் கோப்பில் எழுதலாம். இதை நான் போனில் சொன்னதும் அந்த அம்மா கொதித்துவிட்டார்.

“ஊர்ல இருக்கற எல்லார் தூக்கமும் தெரியுது உங்களுக்கு. இவரு எப்ப முழிச்சிருப்பாருன்னு ஒரு தபால்காரனுக்குத் தெரியல. நாளைக்கு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காருன்னு சொல்லிட்டேன் சார்.”

திங்கட்கிழமை காலை வேலையிலிருந்து வந்தவர் படுக்காமல், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். தபால்காரர் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எழுந்துரு. உன் தூக்கத்தைக் கெடுக்கறதுக்குன்னே எனக்கு சம்பளம் குடுக்கறாங்க” என்று தோளைத் தட்டி, கையில் பேனாவைச் செருகியிருக்கிறார்.

கையெழுத்துப் போட்டுப் பிரித்து, முழுவதும் விழிப்பதற்கு முன்பே எனக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினார். “பார்வையில் கண்ட மனு பரிசீலிக்கப்பட்டது. ஷிப்டுகள் வாரம் ஒருமுறை சுழல வேண்டும் என்ற விதி இந்த ஆலையில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதன்படி அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைப்படுத்தப்படும். தாங்கள் முதல் வாரம் காலை ஷிப்டில் ஆஜராகவும்.”

இரண்டாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. நல்ல பதில்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

“சார், அப்ப காலைல நானும் இவளும் ஒண்ணா கெளம்பணுமா? வீட்ல இருக்கறது ஒரே பாத்ரூம்” என்றார்.

அதற்கு விதி எதுவும் எனக்குத் தெரியாது என்றேன்.

கடிதத்தின் தலைப்பில் போட்டிருந்த தேதி கார்த்திகையைச் சேர்ந்தது. அதன்படி ‘அடுத்த மாதம் முதல் தேதி’ ஏற்கெனவே கடந்துவிட்டது. அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. எழுதிய தேதி வேறு, சேர்ந்த தேதி வேறு. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள், மார்கழி இருபத்தெட்டு, திங்கட்கிழமை.